இரட்டைச் சைக்கிளின் முன்னிருக்கை

பிரான்ஸின் தெற்கே செலே ஆற்றுப் பள்ளத்தாக்கில் நோர்பேர் வேசாத் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினான். காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் ஃபிஜாக் நகரத்தில் இறக்குவான், மாலையில் அவரவர் வாசலில் கொண்டுவந்து விடுவான். ஆறு வளைகிற இடத்தில் எல்லாம் சாலையும் வளையும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தண்ணீர். அந்தச் சாலை அவனுக்கு அத்துப்படி. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவான் என்று தாய்மார்கள் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சியை அவன் கொஞ்சம் குறைவாக நம்பியிருக்கலாம்.

அவன் மனைவி பிரீவ் நகரத்தில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நோர்பேர் குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், ஒரு பொல்லாப்பும் கிடையாது. பேச மாட்டான், அவ்வளவுதான். வாயையே திறக்காத ஒருவனுக்கு எதிரே உட்கார்ந்து ஒருத்தி எத்தனை குளிர்காலம்தான் சூப் குடிப்பாள்?

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சைக்கிள் கிளப்பில் சேர்ந்தான். பார்வையில்லாதவர்கள் பின்னால் உட்கார்ந்து மிதிப்பதற்காகக் கிளப்பில் ஓர் இரட்டைச் சைக்கிள் வாங்கிப் போட்டிருந்தார்கள். கைப்பிடி, பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவர் பொறுப்பு. அதோடு வழிநெடுகச் சொல்லிக்கொண்டும் வர வேண்டும். வளைவு வருகிறது, ஏற்றம் வருகிறது, எதிரே டிராக்டர், இடது பக்கம் பாழடைந்த தேவாலயம் என்று வாய் ஓயக் கூடாது. ஊரிலேயே வாய் திறக்காத நோர்பேரை அதற்குப் போட்டார்கள். வேறு யாரும் கையைத் தூக்கவில்லை என்பதுதான் காரணம்.

பின்னிருக்கைக்கு உரியவள் செவரின். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஒரு மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் புலம்பலைக் கேட்டுக் கேட்டு, நாக்கு நன்றாகத் தீட்டப்பட்டிருந்தது. கிளப்பில் பெரியவர் சின்னவர் எல்லோரும் ஒருவருக்கொருவர் 'நீ'தான். முதல் ஞாயிறே அவள் சட்டத்தைச் சொல்லிவிட்டாள்.

"இதுக்கு முன்னாடி ஓட்டினவன் எதைக் கேட்டாலும் 'ஆகா, அழகா இருக்கு'ம்பான். அழகை வெச்சு நான் என்ன பண்ண? நீ பார்த்ததைச் சொல்லு. ஜோடிச்சுச் சொன்னேன்னு தெரிஞ்சா, நடுரோடா இருந்தாலும் இறங்கிடுவேன்."

நோர்பேருக்கு ஜோடிக்கத் தெரியாது. முள்வேலியில் நீலப் பிளாஸ்டிக் பை மாட்டியிருக்கிறது என்றான். ஒரு நாய் படுத்திருக்கிறது, ஆனால் நம்மைப் பார்க்கவில்லை என்றான். அவளுக்குப் பிடித்துப்போனது. பிறகு மேட்டுநிலத்துக்கு ஏறியபோது, வெள்ளைச் செம்மறிகள், கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு, கூலிங் கிளாஸ் போட்டது போல என்றான். செவரின் பிரேக்கைப் பிடிக்கச் சொன்னாள். ஜோடிக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். வேலியோரம் நின்ற ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தாள். இந்தப் பக்கத்து ஆடு வேறு எப்படி இருக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அன்றைக்குப் பிறகு நோர்பேர் சொன்னதெல்லாம் அவளுக்கு வேதவாக்கு.

ஏழு வருடம் இப்படிப் போயிற்று. சைக்கிள் அவன் வீட்டுக் கொட்டகையில்தான் இருக்கும். ஞாயிறு காலையில் பின்னிருக்கை காலியாக, பதினோரு கிலோமீட்டர் தனியாக மிதித்து அவள் ஊருக்குப் போவான். யாரை எங்கே தொலைத்தாய் என்று ரொட்டிக் கடையில் கேட்பார்கள். அவளை ஏற்றிக்கொண்டு வலக்கரையோடு மேலே போவார்கள், பழைய மாவு ஆலையைத் தாண்டிக் கல்பாலத்தில் உட்கார்ந்து ஆட்டுப்பால் சீஸும் ரொட்டியும் தின்பார்கள், இடக்கரையோடு திரும்புவார்கள். வழியில் நிற்கிற ஒவ்வொரு புத்திசாலியும் "பின்னால இருக்கிறவங்க மிதிக்கவே இல்ல!" என்று அந்த ஒரே நகைச்சுவையைக் கத்துவான். "முன்னால இருக்கிறவன் பேசுறானே, அதுவே பெரிசு" என்று செவரின் திருப்பிக் கொடுப்பாள். வாரத்தில் ஆறு நாள் ஊமையாக இருந்தவன் ஏழாம் நாள் நாலு மணி நேரம் பேசினான். அவன் வாழ்க்கையில் வாழ்க்கை என்று சொல்லத்தக்கது அந்த நாலு மணி நேரம்தான்.

போன பிப்ரவரியில் கண் டாக்டர் சொல்லிவிட்டார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது, நிறுத்த வழியில்லை, இனி வண்டி ஓட்டக் கூடாது. நோர்பேர் நன்றி சொல்லிவிட்டு, காரை ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. ஆளைப் பார்க்க வேண்டுமானால் ஆளுக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் சாலையோரத்து வெள்ளைக் கோடு தெரிந்தது. கார் வந்தால் காது சொன்னது. மற்றதற்கு முப்பத்தொரு வருடம் இருக்கிறதே என்று தைரியம்.

செவரினிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் ஞாயிறு போய்விடும். இது கோழைத்தனம் என்று அவனுக்கே தெரியும். பிரேக்கில் இருப்பது இரண்டு உயிர் என்பதும் தெரியும். தெரிந்தேதான் செய்தான். அவனுக்காக இதில் வக்காலத்து வாங்க நான் தயாராக இல்லை.

பார்த்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஞாபகத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான். இந்த மாதம் இந்த வயலில் என்ன இருக்கும், இந்த வீட்டு ஜன்னலில் என்ன பூ வைப்பார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். வெள்ளைக் கோட்டிலிருந்து பார்வையை எடுக்காமலே பள்ளத்தாக்கு முழுவதையும் ஒப்பித்தான். அவள் 'ம்' போட்டுக்கொண்டு வந்தாள்.

ஏப்ரலில் மாவு ஆலைக்கு எதிரே, அக்கரையில் வரிசையாக நின்ற பாப்ளர் மரங்களை ஒரு மர வியாபாரி வாங்கி ஒரே வாரத்தில் வெட்டி எடுத்துப் போனான். அந்த இடத்தில் சாலை குறுகலானது. நோர்பேர் நிமிரவே இல்லை. அந்த ஞாயிறு செவரின் சாதாரணமாகக் கேட்டாள், பாப்ளர் மரங்கள் எப்படி இருக்கின்றன என்று. துளிர் விட்டிருக்கிறது என்றான். அடுத்த ஞாயிறும் கேட்டாள். இலை நாணயம் அளவுக்கு வந்துவிட்டது என்றான். அதற்கடுத்த ஞாயிறு உச்சிக்கிளையில் ஒரு மரங்கொத்தியையும் உட்கார்த்திவைத்தான். ஜோடிக்கத் தெரியாதவன் அறுபத்துநான்கு வயதில் கற்றுக்கொண்டுவிட்டான்.

ஆறாவது ஞாயிறு.

"பாப்ளர் எப்படி இருக்கு?"

"இலை முழுசா வந்தாச்சு. காத்துல திரும்புறப்ப அடிப்பக்கம் வெள்ளையாத் தெரியுது."

"நிறுத்து."

டயர் போய்விட்டது என்று நினைத்தான். அவள் இறங்கி, இருக்கையைப் பிடித்தபடி நின்றாள்.

"அந்த மரத்தை வெட்டி ஆறு வாரம் ஆச்சு. முதல் வாரம் பச்சை மரத்தூள் வாசனை மூக்கை அடைச்சுது. அங்க ஒரு இலைச் சத்தம் இல்ல நோர்பேர். எப்போலேர்ந்து?"

"பிப்ரவரி."

"எவ்வளவு தெரியுது?"

"நடுவுல இல்ல. ஓரம் தெரியுது."

அவள் ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னான்.

"சொன்னா ஞாயித்துக்கிழமை போயிடும்னு பயந்தேன்."

"உனக்குக் கண்ணு தெரியலைன்னு முதல் வாரமே புரிஞ்சுது. புரிஞ்சும் ஏறினேனே, எதுக்கு? எனக்கு மட்டும் வேற ஞாயித்துக்கிழமை இருக்கா? ஒவ்வொரு வாரமும் கேட்டேன். ஒரே ஒரு தடவை 'தெரியல'ன்னு சொல்லியிருந்தா, உன் பின்னாடி உட்கார்ந்து ஆத்துல விழுந்தாலும் சரின்னு வந்திருப்பேன். மரங்கொத்தி வேற வெச்சே."

அவளை வீட்டில் விட இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருந்தது. ஞாயிறு அந்தச் சாலையில் பேருந்து கிடையாது; பாறைகளுக்கு நடுவே செல்போனும் எடுக்காது. வேறு வழியின்றி அவன் முன்னால் ஏறினான், அவள் பின்னால் ஏறினாள். நடந்து போகிற வேகத்தில் போனார்கள். இடது பக்கம் வளைவு என்றான், பள்ளம் என்றான், மீதிக்கெல்லாம் "தெரியல, தெரியல" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பின்னாலிருந்து ஒரு 'ம்' கூட வரவில்லை.

மறுநாள் அவனே கிளப் தலைவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான். வேன் வந்து சைக்கிளை ஏற்றிக்கொண்டு போயிற்று. டிரைவிங் லைசென்ஸையும் ஒப்படைத்தான். இனிப் பின்னிருக்கையிலாவது தனக்கு இடம் உண்டா என்று கேட்டான். தலைவர் நல்ல மனிதர், சங்கடப்பட்டார். இருப்பது ஒரு சைக்கிள், அதில் பின்னிருக்கை ஒன்று, அது செவரினுடையது. காத்திருப்போர் பட்டியலில் பெயரை எழுதிக்கொள்வதாகச் சொன்னார். பட்டியலில் வேறு பெயர் இல்லை.

செவரினுக்கு மூன்று முறை போன் செய்தான். சைக்கிள் மேல் இல்லாதபோது பேச அவனுக்கு எப்போதுமே வந்ததில்லை. அந்தப் பக்கம் அவள் அலோ, அலோ என்பாள். இவன் தொண்டையைச் செருமுவான். அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். நாலாவது முறை செய்யவில்லை.

கோடை முழுவதும் வீட்டுக்குள் கிடந்தான். கடைக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரி போகும்போது தொற்றிக்கொண்டு போனால் உண்டு. கார் இல்லாதவனுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் அடுத்த கிராமமும் அமெரிக்காவும் ஒன்றுதான். பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஒருத்தி இருக்கிறாள், இரண்டு பேராலும் வண்டி ஓட்ட முடியாது. செப்டம்பரில் ஒரு ஞாயிறு, சொல்ல வேண்டிய ஒரே வாக்கியத்தை மனதில் உருட்டிக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு நடந்தான். என்னை மன்னித்துவிடு, உன் முன்னால் யாராவது உட்கார்ந்து சைக்கிள் ஓட்டினால் போதும், நான் எப்போதாவது வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். வாக்கியம் நீளம்தான். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துச் சுருக்கி, கடைசியில் 'மன்னிச்சுடு' என்பது மட்டும் மிஞ்சியது.

போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வீடு பூட்டியிருந்தது. முற்றத்து வால்நட் மரத்தடியில் உட்கார்ந்தான். அரை மணி கழித்து இரட்டைச் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. செவரின் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நோர்பேர் எழுந்து நின்றான். முன்னிருக்கையில் இருந்தவன் லோயிக். வடமேற்கே பிரெத்தாஞ் மாகாணத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பிசியோதெரபிஸ்ட், முப்பது வயது. நோர்பேரை அவன் பார்த்ததில்லை.

"யாரோ உங்க வீட்டு வாசல்ல நிக்கிறாங்க" என்றான் லோயிக். 'நீ' என்று பேசும் கிளப் வழக்கம் அவனுக்கு இன்னும் நாக்கில் படியவில்லை.

"யாரு?"

நோர்பேர் வாயைத் திறந்தான். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த அந்த ஒரு சொல் வெளியே வரவில்லை.

சட்டத்தை லோயிக்குக்கும் அவள் சொல்லியிருக்க வேண்டும். அவன் பார்த்ததைச் சொன்னான். "வயசான ஆளு. கையில தடி. ஷூ முழுக்கப் புழுதி, சட்டை நனைஞ்சிருக்கு. ஏதோ சொல்ல வர்றார், சொல்லல. உங்களைத்தான் பார்க்கிறார்னு நினைச்சேன். இல்ல, உங்களுக்குப் பக்கத்துல சுவத்தைப் பார்க்கிறார்."

செவரினின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. இருக்கையிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். நோர்பேருக்கு அவள் முகம் இருந்த இடத்தில் சாம்பல் திட்டுதான் தெரிந்தது. அதைச் சுற்றி மரமும் சுவரும் வெயிலும் நன்றாகத் தெரிந்தன. ஒரு முறை கூப்பிட்டால் போதும் என்று அவள் காத்திருந்தாளோ என்னவோ. அவன் தொண்டையைச் செருமினான்.

"குடிக்கத் தண்ணி குடுத்து அனுப்பு லோயிக்" என்றாள். "இன்னும் பதினோரு கிலோமீட்டர் நடக்கணும் அவர்."

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். லோயிக் ஒரு பெரிய கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கையில் பிடித்துக் கொடுத்தான். நோர்பேர் முழுவதையும் குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.