டிரைவர் பக்கம்

கண்டக்டர் ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சிவப்புக் காரில் ஊரைச் சுற்றுகிறார் என்று டயர் கடைக்காரர் சொன்னாராம். டயர் கடைக்காரர் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அதைக் கேட்ட சித்தி மகன், தன் பங்குக்கு உப்பும் காரமும் சேர்த்து, கடல் கடந்து வேலை பார்க்கும் கண்டக்டரின் மகளுக்குப் போனில் சொன்னான்.

"அக்கா, நான் சொல்லல, ஊரு சொல்லுது. பெரியப்பாவுக்கு இந்த வயசுல ஒரு செட்டப்பு!"

"வாயக் கழுவுடா. அது அம்மா. கண் ஆபரேஷன் ஆனதுல இருந்து வெயில்ல போனா கறுப்புக் கண்ணாடி போடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"பெரியம்மாவா! செத்தாலும் அந்தக் கார்ல ஏற மாட்டேன்னாங்களே?"

"அதை விடு. அப்பா நிஜமாவே ஓட்டுறாரா?"

"ஓட்டுறாராவா! டயர் கடைக்காரரு வீடியோவே எடுத்து வச்சிருக்காரு. வாங்கி அனுப்புறேன், நீயே பாரு."

மகள் போனை மேசையில் வைத்தாள். எதிரே யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை, சாந்தில் வார்த்தது, வாயைத் திறந்தபடி இருந்தது. பல் செட் செய்வது அவள் வேலை. கையில் இருந்த மெழுகு ஆறிக் கெட்டியாகிவிட்டது. பதினாலு வருடமாகக் காத்திருந்த செய்தி மூன்றாம் மனிதர் வாய் வழியாக வந்துசேர்ந்ததில் கோபப்படலாமா என்று யோசித்தாள். கோபம் வரவில்லை. முழுசாக நம்பிக்கை வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்திருப்பார். அவர் சுபாவம் அப்படி.

அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கண்டக்டர் என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். முப்பத்தொரு வருடம் ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே வாழ்ந்தவர். அவர் சேர நினைத்தது டிரைவராகத்தான்; அப்போது ஆளை எடுத்துவிட்டுத்தான் ஓட்டப் பழக்குவார்கள். தேர்வு நாளில் இருக்கையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கால் பிரேக்கை எட்டவில்லை. இரண்டு விரற்கடைதான் குறை. தோல் பையையும் விசிலையும் கொடுத்துப் பின்பக்கம் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு டிரைவர்களின் முகத்தைவிடப் பின்கழுத்துதான் அவருக்கு அதிகப் பழக்கம். யார் பிரேக்கை மிதிக்கும் முன் தோளைக் குறுக்குவார், யார் வளைவில் மூச்சைப் பிடிப்பார் என்று பின்னால் நின்றே தெரிந்துகொண்டார். வண்டி ஓட்டுவதைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, ஓட்டத் தெரியாது என்பதைத் தவிர.

அவர் ஓய்வு பெற்ற வருடம் கார் வந்தது. கை நடுக்கம் வந்து தானே ஓட்டுவதை விட்டுவிட்டு, கண்டக்டரின் பஸ்ஸில் வந்துபோன பழைய வக்கீல் ஒருவருடையது அது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது. "எடுத்துட்டுப் போயிடுங்க கண்டக்டரே. இல்லாட்டி எலி எடுத்துட்டுப் போயிடும்" என்றார் வக்கீல். ஏற்கெனவே எலி பாதி எடுத்துக்கொண்டு போயிருந்தது. தரைத் தகடு இல்லாததால், உள்ளே உட்கார்ந்தவர் காலுக்கு நேரே மண்ணைப் பார்க்கலாம். கண்டக்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. இருக்கையில் இறங்கி உட்கார்ந்தார். கால் எட்டியது.

"எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இல்ல?" என்றார்.

"மரை கழண்டது காருக்கா உங்களுக்கான்னு எனக்குத் தெரியல" என்றாள் அம்மா, துணி காயப்போடும் இடம் பறிபோன ஆத்திரத்தில்.

வண்டி வேலையைப் பற்றி அப்பாவுக்கும் ஒன்றும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. காரோடு வந்த பழுதுபார்க்கும் புத்தகம் ஒன்றுதான் துணை. அது ஆங்கிலத்தில் இருந்தது. அவள் படித்துப் பார்த்துத் தமிழில் சொல்வாள், அவர் செய்வார். முக்கியமானதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக் கொடுப்பாள். அவர் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவார். புத்தகத்தை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. நோட்டைத்தான் நம்பினார்.

ஆரம்பத்திலேயே ஒரு விபத்து. முன்சக்கரத்தருகே படுத்திருந்தவள் எந்தப் பக்கம் என்று கேட்க நினைத்து, "ரைட்டாப்பா?" என்றாள். முப்பத்தொரு வருடமாக அந்தச் சொல்லுக்கு அவருக்கு ஒரே அர்த்தம்தான். "ரைட், ரைட்!" என்று பதில் கொடுத்துக்கொண்டே வண்டியைத் தள்ளிவிட்டார். அவளுடைய நடுவிரல் நகம் போயிற்று. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் நோட்டின் முதல் பக்கத்தில் அவரே எழுதி வைத்தார்: இனி இந்த வீட்டில் லெஃப்ட்டும் கிடையாது, ரைட்டும் கிடையாது. டிரைவர் பக்கம், கண்டக்டர் பக்கம், அவ்வளவுதான்.

"ரெண்டு பேர் போற கார்ல கண்டக்டர் ஏதுப்பா?"

"ஏன், நான் இல்ல? விசிலக் குடுங்க, ஊதிக்கிட்டே வரேன்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

மூன்று வருடத்தில் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. போகட்டுமா என்று அவள் கேட்டபோது அவர் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "போயிட்டு வா பாப்பா. இது எங்க ஓடிடப் போவுது?" என்றார். அதற்கப்புறம் வருடத்துக்கு மூன்று வாரம் விடுமுறை. ஒரு விடுமுறை முழுக்கத் தரைத் தகட்டுக்கே சரியாகப் போனது. ஒரு விடுமுறையில் ஒயரிங். ஹாரனை அமுக்கினால் விளக்கு எரிந்தது. இன்னொன்றில் அப்பாவும் மகளும் பெயின்ட் நிறத்துக்காகச் சண்டை போட்டு ஒன்றும் செய்யாமல் அவள் திரும்பினாள். அந்த வருடம் விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும்தான் அவர் காதுக்குப் பின்னால் எவ்வளவு நரைத்துவிட்டது என்று நினைவுக்கு வந்தது. இதற்கிடையே அவர் டிரைவிங் ஸ்கூல் காரில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு ஓட்டக் கற்று, லைசென்ஸும் எடுத்துவிட்டார்.

கடைசியில் மிச்சம் இருந்தது முன்சக்கரங்கள் மட்டும்தான். அந்தக் காரில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நாலைந்து போல்ட் அல்ல. நடுவில் காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. காதில் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். வண்டியின் வலப்பக்கத்துக்கு இடம்புரி மரை, இடப்பக்கத்துக்கு வலம்புரி மரை. வண்டி முன்னே போகப் போக நட்டு தானாக இறுகுவதற்கு அந்த ஏற்பாடு. பக்கம் மாறினால் போகப் போகக் கழலும். சக்கரம் உட்காரும், அந்த மரை இருக்கும் ஹப்பின் பற்கள் தேய்ந்திருந்தன. "பல்லு உன் டிபார்ட்மென்டுதானே, நீயே பாத்துக்கோ" என்று சிரித்தார் அவர். அவள் தான் இருக்கும் ஊரில் தேடி, நட்டோடு சேர்த்து இரண்டு புதிய ஹப் வாங்கினாள். கடைக்காரன் பெட்டிமேல் ஒன்றில் லெஃப்ட் என்றும் இன்னொன்றில் ரைட் என்றும் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தான். அவள் அவற்றைக் கிழித்துவிட்டு, அப்பாவுக்குப் புரியும்படி தடித்த பேனாவால் தமிழில் எழுதி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள்.

போன மாதம் வேலை நேரத்தில் அவர் கூப்பிட்டிருந்தார்.

"பாப்பா, டிரைவர் பக்கத்து நட்டு முன்ன இருந்ததுக்கு மாறி இறுகுதே?"

தலைக்கு மேல் வேலை கிடந்தது. "அது புதுசுப்பா. பழச மறந்துடுங்க. பெட்டியில எழுதினபடி மாட்டுங்க, போதும்."

"நீ சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டார்.

வீடியோ வந்தது. அரை நிமிடம்கூட இல்லை. வீட்டு வாசல், சிவப்புக் கார், கறுப்புக் கண்ணாடியில் அம்மா, "எவன்டா படம் புடிக்கிறது?" என்று அதட்டியபடி. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், ஸ்டியரிங் பக்கத்து முன்சக்கரத்தருகே குந்தி, கிளம்பும் முன் கடைசியாக ஒரு தட்டு தட்டினார். மகள் சிரித்துக்கொண்டே பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். சுத்தியல் நட்டின் காதைக் கடிகார முள் போகும் திசையில் தட்டியது. ஸ்டியரிங் இருப்பது வலப்பக்கம். அந்தப் பக்கம் எதிர்த்திசையில் அல்லவா தட்டி இறுக்க வேண்டும்?

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே அவளுடைய சொந்தக் கார் நின்றிருந்தது. அதன் ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த நாட்டில் எல்லாக் காருக்கும் அப்படித்தான். பதினோரு வருடமாக இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறிய கை, லெஃப்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் யோசிக்காமல் 'டிரைவர் பக்கம்' என்று எழுதியிருந்தது. வாய்க்குள் போகும் பல்லில் ஒரு நாளும் அவள் பக்கம் மாற்றியதில்லை. அவர் சரியாகக் கண்டுபிடித்துத்தான் கேட்டார். அவள்தான் வாயை அடைத்தாள்.

சித்தி மகனைக் கூப்பிட்டாள்.

"டேய், அந்த வீடியோ எப்ப எடுத்தது?"

"இன்னிக்குக் காலைலதானாம். இத்தனை நாள் தெருவுக்குள்ளயே ஓட்டிக்கிட்டு இருந்தாரு. இன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்துட்டு இருக்காங்களாம், அம்மாகிட்ட இப்பதான் கேட்டேன். நாப்பது கிலோமீட்டர்க்கா! பெரியப்பா கெத்துதான்."

"இப்பவே பைக்க எடு. எதிர்ல போ. எங்க பாத்தாலும் நிறுத்து. சக்கரம் கழண்டுடும்டா."

"என்னக்கா சொல்ற? பெரியப்பா தப்பா மாட்டிட்டாரா?"

"அவரு தப்பே பண்ணல. நான் எழுதினபடி மாட்டியிருக்காரு. போடா, பேசிட்டு நிக்காத!"

அவன் வைத்துவிட்டான். அப்பாவின் எண்ணை அழுத்தினாள். அம்மாவுக்குத் தனி போன் கிடையாது. எனக்கு யாரு பேசப் போறா என்பாள். அப்பாவின் போன் சட்டைப் பையில்தான் இருக்கும். வண்டி ஓடும்போது போனைத் தொடுவதில்லை என்பது பஸ் நாளில் இருந்து அவருக்கு வேதம். பக்கத்தில் இருப்பவள் எடுங்களேன் என்று அதட்டினாலும் எடுக்கமாட்டார். திறந்த கார், காற்று, இன்ஜின் சத்தம். மணி காதில் விழுகிறதோ என்னவோ.

எடுக்காதவரை வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். ஓடுகிறது என்றால் இருவரும் நன்றாக இருக்கிறார்கள். ஓடுகிறது என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த நட்டு கொஞ்சம் கழன்றுகொண்டிருக்கிறது. எதற்கு வேண்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இணைப்பு தானாக அறுந்தது. மறுபடி அழுத்தினாள். மணி போய்க்கொண்டிருந்தது.