அப்பாவின் முகத்துக்கு நேரே

என் அப்பா காதால் கேட்பதில்லை, கண்ணால் கேட்பார். எங்கள் தீவின் சாத்தம் மரமில்லில் பெரிய ரம்பத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்த மனிதர். அங்கே எவ்வளவு கத்தினாலும் எடுபடாது. ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். வீட்டிலும் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும்.

அத்தை அவருடைய தங்கை. பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரல். ஆனால் வீட்டில் அப்பாவுக்கு நன்றாக விளங்கியது அவள் பேச்சுதான். ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் முழுசாக வைத்துக் காட்டுவாள். இது எப்படி நடக்கிறது என்று இருவருக்கும் நடுவில் தலையை நீட்டிப் பார்ப்பேன். ஒரு தடவை அவள் வாய்க்குள்ளேயே எட்டிப் பார்த்திருக்கிறேன்.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் அத்தைக்கு நிச்சயம் வைத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிப்பிகாட்டில் பாக்குத் தோட்டம். எங்கள் வாசலில் பந்தல், அதன் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய், அடியில் அப்பாவின் மில் கூட்டாளிகள். வங்காளி, தெலுங்கர், மலையாளி யாராக இருந்தாலும் மில்காரர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தட்டு மாற்றும்வரை பெண் வெளியே வரக்கூடாது என்று அத்தையை அடுக்களையில் உட்கார வைத்திருந்தார்கள்.

அங்கே வைத்துத்தான் மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "டீச்சர் டிரெயினிங்காவது ஒண்ணாவது. தோட்டத்துல அவ்வளவு வேலை கெடக்கு."

அத்தைக்கு டிரெயினிங்கில் இடம் கிடைத்திருந்தது. படிக்க வைக்கிறோம் என்று சொல்லித்தான் அப்பாவிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள்.

அத்தை என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள். "டேய், ஓடிப்போய் அப்பாவ உள்ள கூட்டிட்டு வா. படிக்க விடமாட்டாங்களாம், எனக்கு இந்த இடம் வேணாம்னு சொல்லு. தட்டு மாத்துறதுக்குள்ள வரணும்."

ஓடினேன். கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. சட்டையை இழுத்தேன். அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சம்பந்தியோடு பேச்சைத் தொடர்ந்தார். மடியில் இருந்தால் என் உதடு அவருக்குத் தெரியாது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. இறங்கி, எதிர் பெஞ்சில் ஏறி நின்று, சத்தமே போடாமல் "அப்பா" என்று வாயசைத்தேன்.

சட்டென்று நிமிர்ந்தார். "என்னடா?"

அவர் மட்டுமல்ல, மில்காரர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"அரே, தேக்கோ! சோட்டா மிஸ்திரி!" என்று, குட்டி மேஸ்திரியைப் பார் என ஹிந்தியில் கூவித் தொடையில் தட்டினார் ஒரு வங்காளி. இன்னொன்று சொல்லச் சொன்னார்.

"லட்டு" என்றேன், சத்தமில்லாமல். "லட்டு!" என்று பந்தலே கத்தியது. ஒன்று கொடுத்தார்கள். அடுத்து எல்லோருக்கும் பொதுவான ஹிந்தியில் மீன் என்றேன், கப்பல் என்றேன். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து ஆர்ப்பரித்தார்கள். அப்பா பெருமையில் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடே எழுந்துபோய்த் தட்டை மாற்றிக்கொண்டார்.

கூட்டத்தில் என் குரல் எடுபடவில்லை என்றுதான் இத்தனை காலமும் இதைப் பிறரிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். எல்லாக் கண்களும் என் உதட்டின் மேல்தான் இருந்தன. அப்போது என் வாயில் அத்தையின் பேச்சு இல்லை.

உள்ளே போனேன்.

"அப்பாகிட்ட சொன்னியாடா?"

அடி விழுமோ என்ற பயத்தில், "சொன்னேன் அத்த" என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

அத்தை என் கடைவாயில் ஒட்டியிருந்த லட்டுத் தூளை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு தீபாவளி, பொங்கலுக்கு வருவாள். அடுப்பைப் பார்த்தபடியே அப்பாவுக்குப் பதில் சொல்வாள். "என்ன சொல்ற? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லும்மா" என்று அவர் அவளைச் சுற்றி வருவார். அவர் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அவள் முகம் நகரும். அது அவர்களுக்குள் ஏதோ புது விளையாட்டு என்று நினைத்து, யார் முதலில் தோற்பார்கள் என்று பார்க்க வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன்.