விபூதி பூசாத மாமன்

செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து என் கடைக்கு நடந்து வருவதற்குள் எனக்கு ஒரு 'அல்லேலூயா' கிடைத்துவிடும். டீக்கடை பெஞ்சிலிருந்து வரும், ஷேர் ஆட்டோவுக்குள்ளிருந்து வரும், சில நாள் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் வாயிலிருந்தே வரும். கிண்டலுக்காக இழுத்து இழுத்துச் சொல்வார்கள். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒன்றிரண்டு பேர் சட்டையைப் பிடித்தும் இருக்கிறேன். இப்போதெல்லாம் "ஸ்தோத்திரம்டா" என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஷட்டரைத் தூக்கிவிடுகிறேன்.

என்னுடையது மோட்டார் காயில் கட்டுகிற கடை. போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுக் கிராமத்து விவசாயிகள் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். பயிர் காய்கிற அவசரத்தில் எவனும் என் மதத்தைக் கேட்பதில்லை. மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகுதான் கேட்பார்கள். ஆயுத பூஜை அன்று வரிசையாக எல்லாக் கடை வாசலிலும் பூசணிக்காய் உடையும், என் வாசல் மட்டும் வெறுமனே கிடக்கும். "எவ்ளோப்பா குடுத்தாங்க, மாறுறதுக்கு?" என்று பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் வருஷா வருஷம் கேட்பார். "குடுத்திருந்தா இன்னாத்துக்குங்க இங்க குந்திக்கினு முதுகு ஒடியக் கம்பி சுத்தறேன்?" என்று நானும் வருஷா வருஷம் சொல்வேன்.

உண்மையில் நடந்தது சின்ன விஷயம். சென்னையில் தொழில் கற்றுக்கொண்டிருந்தபோது, நைனா செத்த துக்கத்தில் யாரைப் பார்த்தாலும் கடித்துக் குதறிக்கொண்டிருந்தேன். ரூமில் கூட இருந்தவன் தொல்லை தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே எனக்குள் ஏதோ ஒன்று அடங்கியது. எப்படி என்று விளக்கச் சொன்னால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் கோபம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், அது அடங்கியதும் எனக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பி வந்தபோது நான் கிறிஸ்தவன். கொஞ்ச நாளில் கிறிஸ்தவக் குடும்பத்திலேயே கல்யாணமும் ஆனது.

அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே போய்விட்டாள். ஆக எனக்கு மிச்சம் இருப்பது ஒரே தங்கை. நான் மாறுவதற்கு முன்பே தொண்டூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், நல்ல நிலபுலன் உள்ள குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். மாப்பிள்ளை சாது. அவள் மாமனார் அப்படியில்லை. ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் மாறிய செய்தி போனதும், "இனிமே அவன் நம்ம வூட்டுக்கு ஒண்ணும் செய்யத் தேவல" என்று என் தங்கையிடம் நேராகவே சொன்னவர்.

அப்படிப்பட்டவரே என் வீடு தேடி வரவேண்டிய ஒரு நாள் வந்தது. தங்கையின் மகளுக்கு மூன்று வயது. குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்துவிட்டார்கள். குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். அவன் மடி இல்லாமல் காது குத்தினால் பெற்றவளுக்குப் பிறந்த வீடே இல்லை என்று அர்த்தம். அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் அவள் அந்த வீட்டில் சோறு சாப்பிட வேண்டும். ஓரகத்திகள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் அண்ணன் தம்பிகள் ஏகப்பட்ட பேர். இவளுக்கு நான் ஒருத்தன்.

மாமனாரும் மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரு சாயங்காலம் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், எனக்கு வேட்டி, என் மனைவிக்குப் புடவை. மாமனார் சுவரில் இருந்த வசனக் காலண்டரைப் பார்த்தார், பிறகு ஃபேனைப் பார்த்தார். என்னைத்தான் பார்க்கவில்லை. தட்டை நீட்டினார்.

"மாமா, ஒண்ணு சொல்லிட்டு வாங்கிக்கிறேன். பாப்பாவ மடில வச்சிக்கிறேன். சீர் எல்லாம் கொறையில்லாம கொண்டாரேன். ஆனா விபூதி பூசிக்க மாட்டேன். படையல் சோறும் துன்ன மாட்டேன். கோச்சுக்காதீங்க" என்றேன்.

"மொதல்ல தட்ட வாங்குப்பா. நல்ல நேரம் போவுது" என்றார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பரவாயில்லையே, மனுஷன் ஒத்துக்கொண்டாரே என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் தட்டை வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அர்த்தம். வாங்குவதற்கு முன்னால் என்ன பேசியிருந்தாலும் வாங்கியதோடு அது போயிற்று. இதே மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த நேரத்தில் அது உறைக்கவே இல்லை. நான் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார் என்று நான் நினைத்தேன். தட்டை வாங்கிவிட்டான், பையன் வழிக்கு வந்துவிட்டான் என்று அவர் நினைத்துவிட்டார்.

என் தங்கை மட்டும் ஏமாறவில்லை. இரண்டு நாள் கழித்து போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேன்.

"அண்ணா, நீ அன்னிக்கி வெறும் பேச்சுக்குச் சொன்னேன்னு இங்க எல்லாரும் நெனச்சிக்கினு இருக்காங்க. நெசமாத்தான் சொன்னியா?"

"நெசமாத்தான்."

"ஒரே ஒரு பொட்டு விபூதிண்ணா. வூட்டுக்குப் போயி மூஞ்சி கழுவிக்கோயேன். உன் சாமி இதுக்கெல்லாமா கோச்சுக்கும்?"

உண்மையிலேயே கோபித்துக்கொள்ளும் சாமி இல்லைதான். என் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி, "கழுவிடலாம்னா எதுக்குங்க பூசிக்கணும்?" என்றாள். அது தங்கைக்கும் கேட்டுவிட்டது. போனை வைத்துவிட்டாள்.

பாஸ்டரிடம் போனால் அவர் ஒரேயடியாக, "அந்த எடத்துல கால் வைக்கவே கூடாது பிரதர். லெட்டர் எழுதி அனுப்பிடுங்க, வரலன்னு" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "பாஸ்டர், அவ என் கூடப் பொறந்தவ. நான் போவலன்னா அவ தல நிமிந்து நடக்க முடியாது. போயிட்டு நான் நானா இருந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, அது எப்படி முடியும் என்று எனக்கே தெரியவில்லை.

பயமாகவும் இருந்தது. அடிப்பார்களோ என்ற பயம் இல்லை. அந்தக் குழந்தை என்னைப் பார்த்ததும் "மாமா" என்று ஓடிவந்து பாக்கெட்டில் கையை விடும். அந்த வாசலே எனக்கு அடைத்துப்போனால் என்ன செய்வது என்ற பயம்.

அந்த நாளும் வந்தது. ஊர் எல்லையில் வேனை நிறுத்திவிட்டுச் சீர்த் தட்டுகளை வரிசையாக எடுத்துக்கொண்டு மேளத்தோடு நடந்தோம். பட்டுப்பாவாடை, கம்மல், கொலுசு, பழங்கள், அரிசி மூட்டை என்று ஒன்றும் குறைவைக்கவில்லை. "டேய், அல்லேலூயா சீர் வருதுடா!" என்று பம்ப்செட் மேலிருந்து ஒருவன் கத்தினான். கூட்டமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் மனைவிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பொட்டு இல்லாத நெற்றியைப் பார்த்துவிட்டு, நல்ல காரியத்தில் இவள் எதற்கு முன்னால் வருகிறாள் என்று ஒரு பெண் கேட்டாள். என் மனைவி தட்டை இறக்காமல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டாள். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

பாறைகளுக்கு நடுவில் வேப்பமரமும் மண் குதிரைகளுமாக இருந்தது கோயில். மனைப் பலகை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தார்கள். மேளச் சத்தத்துக்கு மிரண்டு என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மொட்டை போடுகிறவர் அதன் தலையில் தண்ணீர் தெளித்தார். பூசாரி தட்டோடு வந்து குழந்தையின் நெற்றியில் விபூதி வைத்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"எனக்கு வேணாங்க" என்றேன்.

அவர் காதில் விழாதது போல மறுபடியும் கையை நீட்டினார். நான் கையை எடுத்துக் கும்பிட்டேன். "மன்னிச்சுக்கங்க. வேணாம்." மேளம் நின்றுவிட்டது.

மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தட்ட வாங்கினியா இல்லியா?"

"வாங்கினேன் மாமா. சொல்லிட்டுத்தான் வாங்கினேன்."

"இன்னா சொன்ன? எவன் கேட்டான்? வாங்கினப்புறம் இன்னா பேச்சு? எங்க கொலசாமி முன்னாடி குந்திக்கினு எங்க சாமி துண்ணூறு ஆவாதா உனுக்கு? ஏந்திரி! ஏந்திரிப்பா மொதல்ல!" பெரிய மருமகளின் தம்பி ஒருவனைக் கைகாட்டினார். "நீ வந்து குந்துடா. மொறைக்கி நீயும் மாமந்தான்."

அவன் உண்மையிலேயே வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தான். எழுந்தால் தங்கை செத்தாள். பூசிக்கொண்டால் இவ்வளவு வருஷம் நான் சொன்னதெல்லாம் பொய். ஆண்டவரே என்று மனசுக்குள் கூப்பிட்டேன். தைரியம் வந்தது என்று கதை விட மாட்டேன். வரவில்லை. குழந்தை சட்டையை விடவில்லை, அதனால் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

மாமனார் என் தங்கையின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா உங்கண்ணனுக்கு. பூசறானா, ஏந்திரிக்கிறானா?"

முடியை ஏந்துவதற்குத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் அவள். கழுத்து நிறைய நகை, தலை நிறையப் பூ, நெற்றியில் குங்குமமும் விபூதியும். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதில் பாசம் ஒன்றும் இல்லை. எரித்துவிடுகிற மாதிரி பார்த்தாள்.

"அவன் பூச மாட்டான் மாமா" என்றாள். "எனக்குத் தெரியும். நம்மள ஏமாத்தணும்னா பூசிக்கினு போயி கழுவிட்டிருப்பான், உங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நான்கூட அப்படித்தான் பண்ணுன்னு சொன்னேன், பண்ணல. எம் பொண்ணு அவன் மடிலதான் குந்தும். இல்லன்னா இன்னிக்கி வேணாம். தூக்கிக்கினு போயிடறேன்."

அந்த மாமனார் முன்னால் அவள் அதற்கு முன்பு குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் குனிந்தபடியே வந்து மனைவி பக்கத்தில் நின்றுகொண்டார்.

மாமனார் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு பூசாரியிடம், "கொழந்தைக்குப் பூசிட்ட இல்ல? அவன உடு. ஆவட்டும்" என்றார். என்னிடம், "இதோட சரி. இனி இந்த வூட்லேர்ந்து உனக்குத் தட்டு வராது" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார். மொட்டை போட்டார்கள். காது குத்தினார்கள். குழந்தை வீறிட்டு அழுது என் சட்டையெல்லாம் எச்சிலாக்கியது. நான் குழந்தைக்கு மேல் அழுதேன்.

சாப்பிடாமல் கிளம்பினோம். வேன் வரைக்கும் தங்கை வரவில்லை.

ஒரு வாரம் கழித்து நானே போன் பண்ணினேன். நன்றாக இருக்கிறேன் என்றாள். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். "மாமா எங் கையால தண்ணி வாங்கிக் குடிக்கிறதில்லண்ணா. சோறு போட்டா ஏந்திரிச்சிப் போயிடறாரு. சரி உடு, பாப்பாக்குக் காது ஆறிடுச்சி."

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டார். போகக் கூடாது என்று சொன்னவர்தான். விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. "விக்கிரகத்துக்கு முன்னால வெக்கப்படாம நின்ன நம்ம பிரதர் இப்ப சாட்சி சொல்லுவாரு" என்று மைக்கைக் கையில் கொடுத்தார். ஆமென் என்று கூரை அதிர்ந்தது.

நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். வேணாங்க என்று நான் சொன்ன இடத்தில் கை தட்டினார்கள். தங்கை பேசியதையும் அப்படியே சொன்னேன். பாஸ்டர் மெதுவாக மைக்கை வாங்கி, "பிரதரோட தங்கச்சி இரட்சிக்கப்படணும்னு எல்லாரும் ஜெபிப்போம்" என்றார்.

மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "பாஸ்டர், மொதல்ல அவளுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லலாம்" என்றேன். "நான் ஒரு அர மணி நேரம் குந்தியிருந்துட்டு சாயந்திரமே வூட்டுக்கு வந்துட்டேன். அவ அந்த வூட்லதான் இருக்கா."

யாரும் ஆமென் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி மட்டும் சொன்னாள்.