எதிர்க்கடை ஸ்பிட்ஃபயர்

போர் விமானங்களைக் கையளவில் ஒட்டி விற்கிற தொழிலில் நமக்கு எதிரி ஜெர்மன்காரனும் இல்லை, ஜப்பான்காரனும் இல்லை, எதிர்க்கடைக்காரன்தான்.

தொண்ணூறுகளில் கோவை காந்திபுரத்தில், கிராஸ்கட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குப் பொம்மைக் கடை இருந்தது. பேருக்குத்தான் பொம்மைக் கடை. என் உயிரெல்லாம் பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் விமானங்களில் இருந்தது. அவற்றை ஒட்டி, வர்ணம் பூசி, நிஜ விமானம் எப்படி இருந்ததோ அப்படியே இம்மி பிசகாமல் செய்து கண்ணாடி அலமாரியில் வைப்பேன். அதற்காகவே உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் விமானப் பத்திரிகைகளைத் தேடித் தேடி வாங்கிப் படித்தவன் நான். இந்த விஷயத்தில் ஊரில் நமக்கு மேல் ஆள் கிடையாது என்று நிம்மதியாக இருந்தேன். அப்போதுதான், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்த சிவராசு எதிரில் கடை போட்டு, அவனும் விமானம் ஒட்ட ஆரம்பித்தான். எதிர்க்கடையில் கூட்டம் நிற்பதைப் பார்த்துக்கொண்டே சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த அனுபவம் உள்ளவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியாது.

ஆணி

பெட்டியில் வரும் சிறகுகளில் ஆணித்தலைகள் வரிசையாகப் புடைத்துக்கொண்டிருக்கும். நிஜ விமானத்தின் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் தண்டிக்கு வரும். அப்படி ஒரு விமானம் பறந்ததே இல்லை. அதனால் உப்புத்தாளை நனைத்து, அத்தனை ஆணியையும் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டுத்தான் வர்ணமே தொடுவேன். விரல் நுனி தேய்ந்து, காப்பி தம்ளரைப் பிடித்தால் சுடும்.

சிவராசு தேய்க்க மாட்டான். போதாததற்கு ஒவ்வொரு ஆணித்தலையிலும் வெள்ளி வர்ணம் வேறு வைப்பான். மேட்டுப்பாளையத்திலிருந்து பாக்கு வியாபாரி ஒருவர் பேரனுக்கு விமானம் வாங்க வந்தார். என் விமானத்தின் சிறகைத் தடவிப் பார்த்தார். எதிரே எட்டிப் பார்த்தார். மறுபடி தடவினார். பிறகு, மனம் நோகக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“ஏனுங்க, ஆணியெல்லாம் கழட்டிப்போட்டீங்களாட்ட இருக்குது? அந்தக் கடையில அத்தனையும் அப்படியே உட்டு வெச்சிருக்கறாருங்க!”

புகை

சண்டைக்குப் போய்வந்த விமானம் புதுப் பாத்திரம் மாதிரி மின்னாது. புகைபோக்கிக்குப் பின்னால் கரி படிந்திருக்கும். விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் வர்ணம் உரிந்து உலோகம் தெரியும். அந்தக் கரியைக் கொண்டுவர பென்சில் முனையைச் சுரண்டிப் பொடியாக்கி, பஞ்சில் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பேன். நான் பெருமைப்பட்டுக்கொண்ட வேலை அது. என் மனைவி மரகதம்கூட, “அவுரு கடையில பளிச்சுன்னு இருக்குதுங்க” என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை என்று நான் சண்டை போட்டது உப்புக்காக இல்லை.

கல்யாணப் பரிசு வாங்க ஒரு டீச்சரம்மா வந்தார். மாப்பிள்ளைக்கு விமானம் என்றால் உயிராம். நான் கரியைக் காட்டினேன், உரிந்த இடத்தைக் காட்டினேன், அதன் அருமையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

“நல்லா இருக்குதுங்க. ஆனா கலியாணத்துக்கு அடிபட்டதைக் குடுத்தா பொண்ணு ஊட்டுல என்ன நெனைப்பாங்க? அங்க புதுசு இருக்குதுங்களாமா, பாத்துட்டு வாரேனுங்க.”

வரவில்லை.

சிவப்பு வட்டம்

மதுக்கரைப் பக்கம் பம்ப்செட் கம்பெனி வைத்திருந்த முதலாளி ஒருவர் எங்கள் சந்துக்குள் கார் நுழையாமல் நடந்தே வந்தார். அவருடைய அப்பா இரண்டாம் உலக யுத்தத்தின்போது பர்மாப் பக்கம் பிரிட்டிஷ்காரர்களின் ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர். அந்த நினைவாக, தொழிற்கண்காட்சியில் தன் ஸ்டால் முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஸ்பிட்ஃபயர் வைக்க வேண்டும் என்றார். கீழே பித்தளைத் தகட்டில் செய்தவர் பெயர் இருக்கும். என் கண்ணில் அந்தத் தகடு அப்போதே மின்ன ஆரம்பித்துவிட்டது. அவரோ சிங்கப்பூரிலிருந்து ஒரே மாதிரி இரண்டு பெட்டி வரவழைத்து, ஒன்றை எனக்கும் ஒன்றைச் சிவராசுக்கும் கொடுத்துவிட்டு, “எது நல்லா இருக்குதோ அதை வெச்சுக்கலாமுங்க” என்று போய்விட்டார்.

என் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. எதிர்க்கடைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். சிறகில் விமானப்படையின் வட்டச் சின்னம் வரைந்து, நடுவில் சிவப்பாகப் பொட்டு வைத்திருந்தான். எனக்குள் பாயசம் பொங்கியது. கடையில் நாலு பேர் இருக்கும்போதே சத்தமாகச் சொன்னேன்: “தம்பி, பர்மாப் பக்கம் பறந்ததுல சிவப்பே கிடையாதுங்க. ஜப்பான்காரன் சின்னமே சிவப்பு வட்டம். நம்மாளே தப்பா நெனச்சுச் சுட்டுப்போடுவான்னு சிவப்பை அழிச்சுப்போட்டாங்க. இதுகூடத் தெரியாம...” அவன் முகம் சுண்டும் என்று காத்திருந்தேன். அவன் துணியில் தின்னரைத் தொட்டு அங்கேயே துடைத்துவிட்டு, எனக்கு ஒரு டீயும் சொல்லிவிட்டு, கடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினான்.

“அண்ணன் எத்தன படிச்சிருக்கறாரு பாருங்க! நல்ல வேளை சொன்னீங்கண்ணா, இல்லீன்னா நம்மாளே சுட்டுப்போட்டிருப்பானுங்க!”

காற்றாடி

அடுத்த வாரம் சந்தில் சைக்கிள் நகர முடியவில்லை. சிவராசு விமானத்தின் மூக்குக்குள் சின்ன மோட்டார் வைத்து, பென்சில் செல் போட்டு, காற்றாடியைச் சுற்றவிட்டிருந்தான். காயில் கட்டின கை அல்லவா! கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். பொறாமையில் கண் மங்கியிருந்தாலும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. காற்றாடி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. “விமானி சீட்டிலிருந்து பாத்தா வலப்பக்கமா சுத்தணும். இப்படிச் சுத்துனா உன் பிளேனு பின்னாலதான் போகும்” என்றேன். கூட்டம் சிரித்தது. என் வாழ்நாளில் கேட்ட இனிமையான சிரிப்பு. சிவராசு மூடியைத் திறந்தான், செல்லைத் திருப்பிப் போட்டான். சரியாகச் சுற்றியது. கூட்டம் கைதட்டியது.

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். தோற்ற வெறியில் மற்றதையும் கொட்டிவிட்டேன். ஏறும் கதவு இடப்பக்கம்தான் உண்டு, இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கிறாயே என்றேன். பறக்கக் காத்திருக்கும் விமானத்தின் துப்பாக்கி வாய்களைத் துணிப் பட்டையால் மூடியிருப்பார்கள், நீ திறந்து போட்டிருக்கிறாயே என்றேன். ஆணி எலுமிச்சம்பழம் தண்டிக்கு இருக்கிறது என்பதையும் சொல்லித் தொலைத்தேன். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

“உக்காருங்கண்ணா, அவசரமில்லீங்க. வேற ஏதாச்சும் இருந்தாலும் சொல்லிப்போடுங்க.”

தீர்ப்பு

முதலாளி இரண்டு விமானத்தையும் என் கடை மேஜையில் அருகருகே வைத்துப் பார்த்தார். என் விமானத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. சிவராசு விமானத்திலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும்தான் நானே சொல்லி முடித்துவிட்டேனே. சிவப்பு போயிருந்தது, கதவு இடப்பக்கம் வந்திருந்தது, துப்பாக்கி வாய் மூடியிருந்தது. ஆணிகளைக்கூடத் தேய்த்திருந்தான். அவர் என் விமானத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். தகட்டில் கதிர்வேல் என்ற என் பெயருக்கு எந்த எழுத்து நன்றாக இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“உங்களுது எங்கப்பா சொன்ன மாதிரியே இருக்குதுங்க. அவுருதும் அப்படியேதானுங்க இருக்குது. ஆனா பாருங்க, அவுருது சுத்தவும் செய்யுதுங்களே!”

பித்தளைத் தகடு

கண்காட்சிக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மரகதம் விடவில்லை. ஸ்டால் முகப்பில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, ஜனங்கள் பம்ப்செட்டை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டே போனேன். தகட்டில் பெரிய எழுத்தில் ‘செய்தவர்: சிவராசு, காந்திபுரம்’. அதன் கீழே, அவன் முதலாளியிடம் அடம்பிடித்துப் போடச் சொன்ன இன்னொரு வரி: ‘குறை கண்டவர்: கதிர்வேல், எதிர்க்கடை’. மரகதத்துக்கு ஒரே சந்தோஷம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள்.

கண்காட்சி முடிந்த மறுநாள் போத்தனூரிலிருந்து ஒரு பெரியவர் கடை தேடி வந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, அலமாரியில் இருந்த விமானங்களை ஏறெடுத்தும் பார்க்காமல், மரியாதையாகக் கும்பிட்டார்.

“ஏனுங்க, குறை கண்டுபுடிக்கறவரு நீங்கதானுங்களா? எம்பட மருமகன் புதுசா ஊடு கட்டியிருக்கறானுங்க. ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்றீங்களா?”

வயிற்றெரிச்சலில் நான் சொன்ன குறைகளில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வயிற்றெரிச்சல்.