துவைக்கக் கூடாத சட்டை

சினிமாவில் ஒரே சண்டையை மூன்று நாடுகளில் எடுப்போம். எங்கள் நாயகன் ஜார்ஜியாவில் அடிவாங்கி விழுந்தான், மலேசியாவில் எழுந்து திருப்பி அடித்தான், கல்வராயன் மலையில் ஓட வேண்டியது மட்டும் பாக்கி. கள்ளக்குறிச்சிக்காரன் என்பதால் அந்த மலையைச் சிபாரிசு செய்தவனும் நான்தான்.

மூன்று நாட்டையும் ஒட்டவைத்தது அவன் சட்டையிலிருந்த ரத்தக்கறை. உடைப் பிரிவு உதவியாளனான நான் அதைத் துவைக்காமல், தொலைக்காமல் காப்பாற்ற வேண்டும். கூடத் தைத்த இன்னொன்று மலேசியாவிலேயே கிழிந்துவிட்டது. மிச்சமிருந்ததை விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

வெள்ளிமலையில் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அக்கா, கடைசி நாள் காலை நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அதைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டார்.

“இன்னா தம்பி இவ்ளோ அழுக்கு! ரெண்டு சோப்பு கரைஞ்சிடுச்சி,” என்றார் பெருமையாக.

நாயகன் அன்று மாலையே வேறு படத்துக்குக் கிளம்புகிறான். புதிதாகப் பூசினால் பழைய கறையோடு பொருந்தாது. சண்டை மொத்தமும் வீண், என் வேலையும் போச்சு. “அறிவிருக்கா உங்களுக்கு?” என்று கத்திவிட்டேன். அக்கா உள்ளே போய்விட்டார்.

ஈரச் சட்டையோடு இயக்குநர் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாரம் முழுக்க வரவே கூடாது என்று நாங்கள் கும்பிட்ட மழை. எல்லோரும் கேமராவை மூட ஓடினார்கள். அவர் மட்டும் சட்டையைப் பார்த்தார், மழையைப் பார்த்தார்.

“மழையில ஓடுறவன் சட்டையில கறை எப்படிய்யா நிக்கும்? போட்டு விடு. இப்பவே எடுத்துடலாம்.”

எடுத்தோம். நாயகன் சேற்றில் விழுந்து புரண்டு ஓடினான். ‘ஓகே’ என்ற குரல் கேட்டதும் போன உயிர் திரும்பி வந்தது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, மழையில் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் கொஞ்சம் அழுதேன்.

சேறு சொட்டும் சட்டையோடு வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் நின்ற அக்கா அதை வாங்கக் கையை நீட்டினார், உடனே இழுத்துக்கொண்டார்.

“இத்தயாவது தொவைக்கலாமா தம்பி? இல்ல, இந்தச் சேறும் படத்துக்கு வேணுமா?”

“மன்னிச்சிடுங்கக்கா,” என்று சட்டையை அவர் கையில் கொடுத்தேன். “படம் முடிஞ்சிடுச்சி. நல்லா அடிச்சித் தொவைங்க.”