மாமியின் ஐரிஸ் கிழங்குகள்

லண்டன் நோர்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் அப்பாவின் தங்கை, அதாவது என் மாமி, ஐரிஸ் நட்டபோது எனக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டு ஆங்கிலேயக் கிழவர் தன் செடிகளைப் பிரித்து நட்டதில் மிஞ்சிய மூன்று கிழங்குகளை வேலிக்கு மேலால் கொடுத்திருந்தார். பார்வைக்கு இஞ்சி மாதிரித்தான் இருந்தன. இடுப்புயரத் தண்டில் கறுப்புக்குக் கிட்டிய ஊதாப் பூ வரும், தொங்கும் இதழ்களில் மஞ்சள் தாடி இருக்கும் என்றார் மாமி. தாடி வைத்த பூவை நான் கேள்விப்பட்டதில்லை.

மாமி கிழங்குகளை முழுதாகப் புதைக்காமல் முதுகு வெளியே தெரிய விட்டுவிட்டார். எங்களிடம் வந்து ஒரு வருடம் ஆகிறது, வேலைக்கும் போவதில்லை, நடவும் தெரியவில்லை என்று நான் முடிவுகட்டினேன். குளிர் தொடங்கியதும் ஒருவரும் பார்க்காத நேரத்தில் மண் அள்ளி மூன்றையும் நன்றாக மூடிவிட்டேன். அன்று மிகவும் நல்ல பிள்ளையாக உணர்ந்தேன்.

மே மாதம் கிழவரின் வளவு முழுக்கப் பூ. எங்களுடையதில் பழுத்த நாலைந்து இலைகள். மாமி தினமும் தேநீரோடு போய்ப் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை திடீரென்று போய்க் கிண்டினார். இரண்டு கிழங்குகள் கூழாகி நாறின.

"ஆர் பிள்ளை இதுக்கு மேல மண் போட்டது?"

மழை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "நான்தான் மாமி. குளிரும் எண்டு..."

மாமி மூன்றாவது கிழங்கைத் தோண்டி எடுத்து மண்ணைத் தட்டினார். "இது குளிருக்குச் சாகாது. மூடினாத்தான் அழுகும். முதுகில வெயில் படோணும்."

எறிந்துவிட்டுத் தக்காளி வைக்கலாம் என்று அம்மா குசினி வாசலில் நின்று சொன்னார். மாமி கேட்கவில்லை. மூன்றாவது கிழங்கின் அழுகலைக் கத்தியால் வெட்டி, மிஞ்சிய பெருவிரலளவு துண்டை வெயிலில் காயவிட்டுப் பின்னேரம் நட்டார்.

"இது இனி எப்ப பூக்கும்?" என்று அம்மா கேட்டார்.

"வாற வருசம் ஏலாது. அதுக்கடுத்த வருசம்."

"அதுவரைக்கும் நீர் இஞ்ச இருப்பீரோ மச்சாள்?"

மாமி மண்ணை விரலால் அழுத்திக்கொண்டே, "தண்ணி கனக்க ஊத்தக்கூடாது" என்றார்.

கேட்டது ஒன்று, சொல்வது வேறொன்றாக இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் சொன்னபடியே இரண்டாம் வருடம் அது பூத்தது. ஒரேயொரு தண்டு, என் நெஞ்சளவு. அதைப் பார்க்க மாமியும் எங்களோடுதான் இருந்தார். அவருடைய அகதி விண்ணப்பம் இரண்டாம் முறையும் மறுக்கப்பட்ட கடிதம், அவர் கிழங்குகளைக் கிண்டிய அந்தச் சனிக்கிழமைக் காலைத் தபாலில்தான் வந்தது என்று அம்மா எனக்குச் சொன்னது, பதினைந்து வருடங்கள் கழித்து.