கட்டிலை விட்டு இறக்காதவள்

செகந்திராபாத்தில் எங்கள் ரயில்வே காலனியில் யாருக்காவது மூச்சு இழுக்க ஆரம்பித்தால், டாக்டருக்கு ஆள் போவதற்கு முன்னால் என் அத்தைக்கு ஆள் போகும். அத்தை என் அப்பாவின் அக்கா. மாரெட்பள்ளியிலிருந்து ஜட்கா வண்டி பிடித்து வந்து இறங்குவாள். வந்ததும் படுத்திருப்பவரின் மூக்கைப் பார்ப்பாள், காது மடலைப் பார்ப்பாள், உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு "எறக்குங்க" என்பாள். நாலு பேர் சேர்ந்து கட்டிலில் இருப்பவரைத் தூக்கி, தரையில் தெற்கே தலை வைத்து மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். கட்டிலில் உயிர் போகக் கூடாது, போனால் அது மண்ணுக்கும் வானத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டே இருக்கும் என்று நம்பினார்கள். அத்தையின் கணக்கு தப்பாது, அவள் இறக்கச் சொல்லி இறக்கியவர்களில் எழுந்து உட்கார்ந்தவர் ஒருவர்கூட இல்லை என்று காலனியில் பெருமையாகச் சொல்வார்கள். நர்ஸ் வேலை படித்த பிறகு எனக்கு அந்தப் பெருமையின் மேல் சந்தேகம் வந்தது. மூச்சு முட்டுகிற மனுஷனை மல்லாத்திப் போட்டால் அவன் எங்கே எழுந்து உட்காருவது?

அத்தைக்கு இதில் ஒரு வைராக்கியம் இருந்தது. அவள் புருஷன் ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் இரும்புக் கட்டிலில் இறந்துபோனார். அவள் போய்ச் சேர்வதற்குள் துணியைப் போட்டு மூடிவிட்டிருந்தார்கள். கனவில் வரும்போது அவர் கால் தரையில் படுவதில்லை என்று சொல்லி அழுவாள். அந்த அழுகையில் பொய் கிடையாது. அதனால்தான் அவளோடு சண்டை போடுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கஷ்டமாக இருந்தது என்றுதான் சொன்னேன், சண்டை போடவில்லை என்று சொல்லவில்லை.

நான் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அவள் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, "கண்டவனோட கோழைய தொடைக்கறதுக்காடா பொண்ணு பெத்த?" என்று நைனாவைக் கேட்டாள். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆற்காட்டுப் பக்கத்துப் பழக்கம், செகந்திராபாத் வந்தும் விடவில்லை. நைனா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "தொடைக்கட்டும்க்கா. யாராச்சும் தொடைக்கணுமில்ல?" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அதுதான் வாழ்க்கை.

அவருக்கு ஒர்க்ஷாப்பில் பாய்லர் பக்கம் வேலை. உலகச் சண்டை நடந்த காலம், ஓய்வு ஒழிச்சல் இல்லை. முதலில் செருப்பு கடிக்கிறது என்றார். பிறகு கால் வீங்கியிருப்பதை நான்தான் பார்த்தேன், விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றது. ராத்திரியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்க ஆரம்பித்தார். தன் மேல்தான் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு அம்மா அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போட்டாள், உப்பும் காரமும் தூக்கலாக. ஒரு நாள் அவரை இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் நிறுத்தினேன். இருதயம் பெருத்துப் போயிருந்தது. அது தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கி, நுரையீரலில் நீராகக் கசிந்துகொண்டிருந்தது. படுத்தால் அந்த நீர் நெஞ்சு முழுக்கப் பரவும். உட்கார்ந்தால் அடியில் இறங்கி, மேலே மூச்சுக்குக் கொஞ்சம் இடம் விடும். கோபமும் இல்லை, தாபமும் இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் என் ராஜ்யம். சாப்பாட்டில் உப்பை நிறுத்தினேன். மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் நாடி பிடித்துப் பார்த்தேன். ஒரு மர நாற்காலியைக் கட்டிலின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் முதுகுச் சரிவில் தலையணை அடுக்கி அவரைச் சாய்த்து வைத்தேன். வார்டில் நாங்கள் செய்கிற வேலைதான் இது. நைனா லேசுப்பட்ட நோயாளி இல்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களிடம் ஜன்னல் வழியாக ஆவக்காய் கேட்டு வாங்கித் தின்றார். பிடித்துவிட்டேன். "நான் பாய்லரு பாத்தவன், எனக்குத் தெரியாத ஆவியா?" என்றார். "பாய்லருக்கு ஊறுகாய் போட மாட்டாங்க நைனா" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை, பேசாமல் மூச்சு விட்டால் போதும் என்று இருந்தேன்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அத்தை தன் இரண்டு பிள்ளைகளோடு அவரைப் பார்க்க வந்தாள். நான் புழக்கடையில் யூனிபாரம் துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் அந்தக் கவிழ்த்த நாற்காலியைப் பார்த்திருக்கிறாள். வீட்டில் நாற்காலியைக் கவிழ்ப்பது நல்ல சகுனமா? தம்பி உட்கார்ந்தபடி தூங்கி வழிவதை அவளால் பார்க்க முடியவில்லை. "இன்னாடா இது, செற மாதிரி? நீட்டிப் படுறா, நான் விசிறுறேன்" என்று நாற்காலியை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். நைனா சின்ன வயதில் தாயை இழந்தவர், அக்காதான் வளர்த்தாள். அவள் படுக்கச் சொன்னால் அவர் படுப்பார். படுத்தார். அவள் பிரியமாக விசிறினாள்.

அம்மாவின் கூச்சல் கேட்டு ஈரக் கையோடு ஓடினேன். நைனா முழங்கையை ஊன்றி எழ முயன்று முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது, உடம்பெல்லாம் வேர்வை, தொட்டால் ஜில்லென்றிருந்தது. நெஞ்சுக்குள் கொரகொரவென்று சத்தம். வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை. அவரை இழுத்து உட்கார வைத்துக் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, சைக்கிளில் டாக்டரிடம் விரட்டினேன். திரும்பினால், அத்தை அவர் மூக்கைப் பார்த்தாயிற்று, காதைப் பார்த்தாயிற்று, உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இழுத்துக்கினு கீதுடி. எறக்குங்கடா" என்றாள் பிள்ளைகளிடம்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். யார் கேட்டது? பெரியவன் அக்குளில் கை கொடுத்தான், சின்னவன் காலைப் பிடித்தான். தூக்கியதும் நைனாவின் முதுகு பின்னால் சாய்ந்தது. சாய்ந்ததுதான் தாமதம், சாகப் போகிறவர் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்த அந்த மனுஷன் கையை ஓங்கிப் பெரியவன் கன்னத்தில் ஒரு அறை விட்டார்.

"நக்கோ!" என்றார்.

ஒர்க்ஷாப்பில் நாளெல்லாம் உருதுப் பேச்சில் பழகிய வாய். வேண்டாம் என்று தமிழில் சொல்லக்கூட அவரிடம் அப்போது மூச்சு இல்லை போல. பிள்ளைகள் பயந்துபோய் அவரைக் கட்டில் விளிம்பிலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

அத்தை விடவில்லை. கடைசிப் பாலாவது ஊற்ற வேண்டும் என்று கிண்ணத்தோடு வந்தாள். நீரில் மூழ்கிக்கொண்டிருக்கிற நெஞ்சில் பாலையும் ஊற்றுவதா? தட்டிவிட்டேன். கிண்ணம் உருண்டு போய்ச் சுவரில் மோதியது. சாகிறவர் வாய்க்குப் போகிற பாலைத் தட்டிவிட்ட மகளை அவர்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும்தான் பார்த்ததில்லை. கட்டிலின் மறுபக்கம் ஏறி, நைனாவின் முதுகோடு என் முதுகை ஒட்ட வைத்து, இரண்டு காலையும் சுவரில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இப்ப எறக்குங்க பாக்கலாம். எறக்கினா என்னையும் சேத்து எறக்குங்க" என்றேன்.

"நல்ல கதிக்குப் போற உசுர தடுக்கிறியேடி, பாவி!" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். சின்னவனைக் கூப்பிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு வரும்படி மாரெட்பள்ளிக்கு அனுப்பினாள்.

டாக்டர் வரும்வரை செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. இரண்டு தொடையிலும் ஒரு கையிலும் துணியால் இறுக்கிக் கட்டினால் கொஞ்சம் ரத்தம் அங்கேயே நிற்கும், நெஞ்சுக்குப் போகிற பாரம் குறையும். ஒன்றை அவிழ்த்து மற்றக் கையில் கட்டி, முறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதுகு கொடுத்து உட்கார்ந்திருக்கிற நான் அதைச் செய்ய முடியாது. அம்மாவிடம் வேட்டியைக் கிழித்து அவர் காலைக் கட்டச் சொன்னேன்.

அம்மா வீறிட்டாள். "உசுரோட இருக்கிற மனுஷனுக்குக் கால் கட்றதா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீடுகளில் காலைக் கட்டுவது பிணத்துக்கு மட்டும்தான். "கட்டாத, கட்டாத, அவ பேச்சக் கேக்காத" என்று அத்தை குறுக்கே வந்தாள். அம்மா அதுவரை நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. அவள் எதிரில் உட்காரக்கூட மாட்டாள்.

"அம்மா, அது கட்டவிரல சேத்துக் கட்றது. இது தொடையில தனித்தனியா. அவரு பொழைக்கறதுக்கு. ஒனக்கு நைனா வேணுமா, வேணாமா?"

அம்மா வேட்டியைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். "நவுருங்க அண்ணி" என்றாள். நவுருங்க! அந்த வீட்டில் அந்தச் சொல் அதற்கு முன் அம்மா வாயிலிருந்து வந்ததேயில்லை. அழுதுகொண்டே கட்டினாள். கட்டுக்குக் கீழே நாடி துடிக்கிறதா என்று நான் கேட்கக் கேட்கத் தொட்டுப் பார்த்துச் சொன்னாள். நான் அவிழ் என்றபோது அவிழ்த்தாள், மாற்று என்றபோது மாற்றினாள். நைனாவின் முதுகு என் முதுகில் ஏறி ஏறி இறங்கியது. நான் வேறு எதையும் நினைக்கவில்லை. இறங்கினால் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் வந்தார். கட்டுகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இரண்டு ஊசி போட்டார், ஒன்று பதற்றம் தணிய, ஒன்று நீர் பிரிய. வெயில் சாயும்போது நைனா பாத்திரம் பாத்திரமாக மூத்திரம் போக ஆரம்பித்தார். உதட்டில் நிறம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து மாரெட்பள்ளி ஜட்காக்கள் வந்து நின்றன. பெண்கள் தெருமுனையிலேயே மார்பில் அடித்துக்கொண்டு அழுதபடி உள்ளே நுழைந்தார்கள். கட்டிலில் நைனா உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"யாருக்கு அழுவறீங்க?" என்று கேட்டார்.

அழுகை அப்படியே நின்றது. நான் மூத்திரப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தின் நடுவே நடந்தேன். எல்லோரும் சேலையை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். மெதுவாகவே நடந்தேன். அந்த நடையில் திமிர் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். இருந்தது.

அதற்குப் பிறகு அவர் தீபாவளி பார்த்தார், பொங்கல் பார்த்தார். அத்தை வாராவாரம் வந்தாள். நாற்காலியைத் தொடவில்லை, என்னோடு பேசவும் இல்லை.

தை மாதக் கடைசியில் மருந்து கேட்காமல் போயிற்று. ஊசி போட்டும் நீர் பிரியவில்லை. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். காலையில் அத்தை வந்தாள். மூக்கு, காது, உள்ளங்கால் பார்த்தாள். நானும் அதையெல்லாம் பார்த்து முடித்திருந்தேன்.

"அன்னிக்கி வேற, இன்னிக்கி வேற. ஒனக்கே தெரியும்" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"தெரியும் அத்தே."

"அப்ப எறக்கலாமில்ல?"

"படுக்க வெச்சா முட்டும். போறவரு முட்டிக்கினு போவணுமா?"

"கட்டில்லியே போவச் சொல்றியா?"

"உக்காந்துக்கினே போவட்டும்."

நான் அதற்குள் கட்டிலில் ஏறி, அன்றைக்குப் போலவே அவர் முதுகோடு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை காப்பாற்றுகிறேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஊசி இல்லை, டாக்டர் இல்லை, படித்த படிப்பும் துணைக்கு வரவில்லை. கடைசி நாலு மூச்சையாவது அந்த மனுஷன் திணறாமல் விடட்டும், அதற்குப் பாவம் உண்டென்றால் என் தலையில் விழட்டும் என்றிருந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அம்மா கதவோரம் வாயில் தலைப்பை அடைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு கட்டில் கிறீச்சிட்டது. என்னால் திரும்ப முடியவில்லை. அத்தை சேலையைச் செருகிக்கொண்டு கட்டிலில் ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைகள் இரண்டையும் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள் என்று அம்மா பிறகு சொன்னாள். அவர் நெற்றி அக்காவின் தோளில் இருந்ததாம். எனக்கு அவர் முதுகு மட்டும்தான். அது ஏறியது, இறங்கியது. இடைவெளி விட்டு ஏறியது. அப்புறம் ஏறவில்லை.

அழுகை கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். எந்தச் சாவு வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வியை, அத்தையே அந்தக் காலனிக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வியை, ஒருத்தி கேட்டாள்.

"எறக்கினீங்களா?"

"எறக்கல" என்றாள் அத்தை. "எதுக்கு எறக்கணும்? நாங்க ரெண்டு பேரும் புடிச்சிக்கினுதான் இருந்தோம்."